டி.சி. வாங்காதீங்க: பிள்ளையோடு கல்லூரி படிக்கும் பெண்களுக்கு

கல்லூரியில் இரண்டாம் வருசம் படிக்கிற பெண்ணுக்குக் கல்யாணமாகி, மாசமாகிவிட்டால், ராமநாதபுரம் கரையில் பாம்பன் தொடங்கி மூக்கையூர் வரைக்கும் பல வீடுகளில் அடுத்து நடப்பது ஒன்றுதான். அப்பாவோ வீட்டுக்காரரோ கல்லூரி ஆபீஸுக்குப் போய் டி.சி. வாங்கி வந்துவிடுவார்கள். "பிள்ளை பிறந்து கொஞ்சம் வளரட்டும், அப்புறம் படிக்கலாம்" என்று நல்ல மனசோடுதான் சொல்வார்கள். ஆனால் அந்த ஒரு தாளில் பல கதவுகள் மூடிக்கொள்கின்றன. பெயர் பதிவேட்டிலிருந்து போகும். திரும்பி வந்தால் புதிதாகச் சேர வேண்டியவர் ஆகிவிடுவார். மாசம் ஆயிரம் ரூபாய் வரும் புதுமைப் பெண் தொகையும் நிற்கும், ஏனென்றால் அது படிப்பை இடைவிடாமல் படித்து முடிக்கும் வரைக்கும் என்றே வகுக்கப்பட்ட தொகை. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: லீவு எடுங்கள், அட்டெண்டன்ஸ் குறையட்டும், ஒரு பரீட்சை தள்ளிப்போகட்டும், டி.சி. மட்டும் வாங்காதீர்கள்.

படிக்கும் தாய்மாருக்கென்று தனியாக ஒரு சட்டம் நம் நாட்டில் இல்லை. 1961-இன் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் வந்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்கு மாறியிருக்கும் 26 வார விடுப்பு வேலைக்குப் போகிற பெண்களுக்குத்தான். மாணவிக்கு இருப்பவை சிதறிக் கிடக்கும் சில ஆணைகளும் தீர்ப்புகளும் உதவித் தொகைகளும். அவற்றைத் தேடிச் சேர்த்துக்கொள்வது நம் வேலையாகிவிடுகிறது. ஆனால் சேர்த்தால் கணிசமாகவே வரும்.

முதலில் விடுப்பு. பல்கலைக்கழக மானியக் குழு 14.12.2021 அன்று எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கும் மகப்பேறு விடுப்பும் வருகைப்பதிவில் தளர்வும் தருவதற்குத் தகுந்த விதி வகுக்கச் சொன்ன கடிதம் அது. அதே 2021-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், இளநிலை மாணவிக்கு மகப்பேற்றுச் சலுகை தர விதி வகுக்கும்படி அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு உத்தரவிட்டிருந்தது. 2023 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம், எம்.எட். மாணவிக்கு வருகைத் தளர்வை மறுத்த முடிவை ரத்து செய்தது. படிப்பா பிள்ளையா என்று ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லக் கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். பக்கத்துக் கேரளத்தில் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் 2022 டிசம்பரில் மாணவிகளுக்கு 60 நாள் விடுப்பு அறிவித்தது. கேரளப் பல்கலைக்கழகம் 2023-இல் 6 மாதம் வரை தந்தது.

நம் மாநிலத்திலேயே முன்மாதிரி உண்டு. சென்னைப் பல்கலைக்கழக விதியில், படிக்கும் காலத்தில் கருவுறும் திருமணமான மாணவிக்கு, காண்டனேஷனுக்கான (75 சதவீதத்துக்குக் குறைந்த வருகையைக் கட்டணம் வாங்கி மன்னிப்பது) குறைந்தபட்ச வருகை 65 சதவீதத்துக்குப் பதில் 55 சதவீதம் என்று இருக்கிறது. அதற்கு அரசு மருத்துவமனையில் உள்ள மகப்பேறு மருத்துவரின் சான்றும் 250 ரூபாய்க் கட்டணமும் கேட்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. எனவே சென்னை விதி இங்கே தானாகப் பொருந்தாது. சேர்ந்த வருசத்துக்கான உங்கள் ரெகுலேஷன் புத்தகத்தை வாங்கி, வருகைப்பதிவுப் பக்கத்தை முதலில் படியுங்கள். அதில் தெளிவாக இல்லையென்றால் மானியக் குழுக் கடிதத்தோடு சென்னை விதியின் நகலையும் வைத்து, பிரின்சிபால் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள். "இன்னொரு அரசுப் பல்கலைக்கழகத்தில் நடைமுறையில் இருக்கிறது" என்பதைவிட வலுவான வாதம் ஆபீஸில் கிடையாது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வையுங்கள். 75 சதவீதம் என்றால் 68 நாள் வர வேண்டும், 22 நாள்தான் போடலாம். 65 சதவீதத்துக்கு 59 நாள் வந்தால் போதும், 31 நாள் கிடைக்கும். வாரத்துக்கு ஐந்து நாள் கல்லூரி என்றால் அது ஆறு வாரத்துக்குச் சற்றே மேல். 55 சதவீதம் என்றால் 50 நாள் வந்தால் போதும். 40 வேலை நாள், அதாவது எட்டு வாரம் வீட்டில் இருக்கலாம். சனி, ஞாயிறு, பண்டிகை லீவு எதுவும் இதில் கழியாது. செமஸ்டர் லீவில் பிரசவம் விழுந்தால் உங்கள் லீவு இரண்டு செமஸ்டருக்கும் பாதிப் பாதி பிரிந்து, காண்டனேஷனே தேவைப்படாமல் போகலாம். அதனால் டாக்டர் தேதி குறித்த அன்றே கல்லூரி காலண்டரைப் பக்கத்தில் வைத்து எண்ணிவிடுங்கள்.

எண்ணுவதற்கு முன் வகுப்பாசிரியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது, உங்கள் கல்லூரியில் வருகை நாள்கணக்கா, மணிக்கணக்கா என்பது. மணிக்கணக்கு என்றால், வாந்தியும் மயக்கமுமாய் இருக்கிற முதல் மூன்று மாதத்தில் முழு நாள் லீவு போடாமல் இரண்டு மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டு வருவது பின்னால் கைகொடுக்கும். அந்த மாதங்களில் கரைகிற லீவுதான் பிரசவத்தின்போது இல்லாமல் போகிறது.

கடிதம் ஐந்தாவது மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பிரசவமான பிறகு கொடுக்கிற கடிதம், நடந்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆகிவிடும். இப்படி எழுதலாம்: "மேற்படி வகுப்பில் பயிலும் நான் கருவுற்றிருக்கிறேன். மருத்துவர் குறித்துள்ள பிரசவத் தேதி இது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 14.12.2021 நாளிட்ட கடிதத்தின்படி, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை மகப்பேறு விடுப்பும் இப்பருவத்துக்கான வருகைத் தளர்வும் வழங்க வேண்டுகிறேன். விடுப்புக் காலத்தில் என் பெயர் வருகைப் பதிவேட்டிலும் யுமிஸ் பதிவிலும் தொடர்ந்து இருக்க வேண்டுகிறேன். விடுபடும் உள்மதிப்பீட்டுத் தேர்வுகளைத் திரும்பி வந்த பின் எழுத அனுமதி வேண்டுகிறேன்." யுமிஸ் (கல்லூரி மாணவர் விவரங்களை அரசு வைத்திருக்கும் இணையப் பதிவு) பற்றிய வரியும் உள்மதிப்பீடு பற்றிய வரியும் கட்டாயம் இருக்கட்டும். யுமிஸில் "இடைநின்றவர்" என்று பதிந்துவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும், அதைத் திருப்புவதற்குப் பல மேசை ஏற வேண்டும். இன்டர்னல் மார்க் என்பது பெரும்பாலும் 25. எழுதாமல் விட்ட இன்டர்னலுக்குச் சைபர் விழுந்தால், மீதி 75-இல் எவ்வளவு வாங்கினாலும் அந்தக் குறை மார்க் ஷீட்டில் கடைசி வரை நிற்கும்.

கடிதத்தோடு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரின் சான்றையும் தாய் சேய் நல அட்டையின் நகலையும் வையுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்தாலும் சான்றை அரசு டாக்டரிடம் வாங்குவதே நல்லது, அதைத் திருப்பி அனுப்ப முடியாது. கடிதத்தில் எழுதிய தேதியும் சான்றில் உள்ள தேதியும் ஒத்துப்போக வேண்டும். இரண்டு நாள் மாறினாலும் அதையே காரணமாக வைத்து ஃபைலை மேசையிலிருந்து நகர்த்தாதவர்கள் உண்டு. நகலில் ஆபீஸ் சீலும் தேதியும் போட்டு வாங்கி வந்துவிடுங்கள். காண்டனேஷன் பட்டியல் ஹால் டிக்கெட் வருவதற்கு முன்பே பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். அது போன பிறகு பிரின்சிபாலே நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

வருகை 50 சதவீதத்துக்கும் கீழே குறைந்துபோனால் பெரும்பாலும் அந்தச் செமஸ்டரைத் திரும்பப் படிக்கச் சொல்வார்கள். அப்போதும் டி.சி. வேண்டாம். அதே கல்லூரியில், அதே பதிவெண்ணில், அடுத்த வருசம் அந்தச் செமஸ்டரில் மறுசேர்க்கை என்றே எழுதிக் கேளுங்கள். முடித்த செமஸ்டர்களின் கிரெடிட் வீணாகாது. 2021-இல் வந்த கிரெடிட் வங்கி (ஏ.பி.சி.) விதிப்படி சேர்ந்த கிரெடிட் 7 வருசம் வரை செல்லும், உங்கள் ஏ.பி.சி. கணக்கில் அவை ஏறியிருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கல்விக்கடன் வாங்கியிருந்தால் பேங்க் மேனேஜரிடம் மருத்துவச் சான்றோடு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பாதியில் படிப்பை விட்டவருக்கு மத்திய அரசின் வட்டி மானியம் கிடையாது. உடல்நிலை காரணமாக விட்டவருக்கு அதில் விலக்கு உண்டு, ஆனால் எழுதிக் கொடுத்தால்தான் அது காரணமாக நிற்கும்.

பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். படிப்பவர்களுக்கு இதெல்லாம் ஓரளவு நெளிந்து கொடுக்கும். பி.எட். கொடுக்காது. கல்யாணத்துக்குப் பிறகு நம் பெண்கள் அதிகம் சேர்வதும் அதில்தான். வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை என்பது ஆசிரியர் கல்விக் குழுவின் விதி. இரண்டாம் வருசப் பள்ளிப் பயிற்சி 16 வாரம். பிரசவம் அந்த 16 வாரத்தில் விழுமானால், சமாளித்துவிடலாம் என்று இறங்க வேண்டாம். பயிற்சியை மட்டும் அடுத்த அணியோடு செய்ய முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். நர்சிங்கும் இப்படித்தான், கிளினிக்கல் பயிற்சி நூற்றுக்கு நூறு முடித்தாக வேண்டும். பிஎச்.டி. செய்பவர்களுக்கு விதி கருணையானது: மொத்தப் படிப்புக் காலத்தில் 240 நாள் மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. 2022 விதிப்படி பெண்கள் அதிகபட்சம் 10 வருசத்துக்குள் முடிக்கலாம்.

இனிப் பண விஷயம். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். 2024 டிசம்பர் முதல் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. தகுதி பார்ப்பது படித்த பள்ளியையும் சேர்ந்த படிப்பையும் வைத்துத்தான். தபால்வழிக்கும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் முதுநிலைக்கும் இது வராது. "பிள்ளை பிறந்தாச்சு, கரஸ்ல போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால், மிச்சமிருக்கும் மாதங்களை ஆயிரத்தால் பெருக்கிக் காட்டுங்கள். வேறு வழியே இல்லையென்றால்தான் இக்னோ. அங்கே தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வரும், பி.ஏ.வை 6 வருசத்துக்குள் முடிக்கலாம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய். அதில் 14,000 ரொக்கம், மீதி 4,000 இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். கருவுற்ற 4-ஆம் மாதம் 6,000, பிரசவமாகி 4-ஆம் மாதம் 6,000, பிள்ளைக்கு 9-ஆம் மாதம் 2,000 என்று மூன்று தவணை. 19 வயது முடிந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். பிரசவத்துக்குப் பின் வரும் தவணைகள் ஊசியோடு கட்டப்பட்டவை, 14-ஆம் வார ஊசியோ 9-ஆம் மாதத் தட்டம்மை ஊசியோ தள்ளிப்போனால் பணமும் தள்ளிப்போகும். எல்லாவற்றுக்கும் அடி 12 வாரத்துக்குள் ஊர் நர்ஸம்மாவிடம் வாங்குகிற பிக்மி நம்பர், அதாவது கர்ப்பத்தை அரசுப் பதிவில் ஏற்றித் தரும் எண். அது இல்லாமல் பிறப்புச் சான்றும் நகராது.

பிக்மியில் நம் கரையில் அடிக்கடி நடக்கிற சிக்கல் ஒன்று. பெண் வாக்கப்பட்டது தங்கச்சிமடம், தாய்வீடு தேவிபட்டினம் என்று வையுங்கள். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்துவிடுவாள். பிக்மி பதிவு தங்கச்சிமடத்து நர்ஸம்மாவிடம், ஊசி போடுவது தேவிபட்டினத்தில். இங்கே போட்ட ஊசி அங்கே ஏறாது, தவணை நிற்கும், யாரைக் கேட்டாலும் "அங்கே கேளுங்க" என்பார்கள். வளைகாப்புக்கு முன்னாடியே அந்த நர்ஸம்மாவிடம் சொல்லி, இந்த ஊர் நர்ஸம்மாவின் பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டு, வந்த வாரமே இங்கே அட்டையைக் காட்டிவிட வேண்டும். கீழக்கரையில் பெண் உம்மா வீட்டோடு இருக்கும் வழக்கம் என்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

அடுத்த சிக்கல் பேங்க். ஆதார் எண்ணைக் கணக்கில் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வர வங்கிகளுக்குப் பொதுவான பணப்பட்டுவாடா அமைப்பான என்.பி.சி.ஐ.யில் இணைப்பது வேறு. கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அதற்குத்தான் ஆதார் வழி வரும் பணம் போகும். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் ஊரில் புதுக் கணக்குத் திறந்து, அங்கே ஒரு கையெழுத்துப் போட்டதில் இணைப்பு மாறிவிடும். கல்லூரிப் பணம் வரவில்லை என்று அலைவார்கள், பணம் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கும். ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி இணைப்பில் இருக்கிறது என்று போனிலேயே பார்க்கலாம். கணக்கு அந்தப் பெண்ணின் பெயரில் மட்டும் இருக்கட்டும், பாஸ்புத்தகமும் ஏ.டி.எம். கார்டும் அவள் கையில் இருக்கட்டும்.

இனிஷியலையும் மாற்றிவிடாதீர்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து பல்கலைக்கழகப் பதிவு வரை அப்பா இனிஷியல் இருக்கும். ஆதாரில் மட்டும் வீட்டுக்காரர் இனிஷியலுக்கு மாறினால், யுமிஸில் பெயர் பொருந்தாமல் நிற்கும். வீட்டுக்காரர் பெயர் வேண்டுமென்றால் ஆதார் முகவரியில் சேர்த்துக்கொள்ளலாம், பெயரைத் தொடாமல். டிகிரி கையில் வந்த பிறகு வேண்டுமானால் கெஜட்டில் மாற்றிக்கொள்ளட்டும். சாதிச் சான்று எப்போதும் பிறந்த வீட்டு வழிதான். வருமானச் சான்று அப்படியில்லை. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான மத்திய உதவித்தொகையில், வேலையில் இல்லாத திருமணமான மாணவிக்குக் கணவர் வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். அப்பா பெயரில் எடுத்த பழைய சான்றைப் புதுப்பித்து வைத்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். இ-சேவையில் 60 ரூபாய், பெயர் எந்த ரேஷன் கார்டில் இருக்கிறதோ அங்கிருந்து எடுங்கள்.

பிள்ளையை யாரிடம் விடுவது என்பதில்தான் அரசுத் திட்டங்கள் மிகவும் பின்தங்கியிருக்கின்றன. இதை மூடிமறைக்க ஒன்றுமில்லை. பால்வாடியில் இரண்டு வயது முடிந்த பிள்ளையைத்தான் பகலில் வைத்துக்கொள்வார்கள். அதற்குக் கீழே சத்துமாவு கொடுப்பதோடு சரி. மத்திய அரசின் பால்னா திட்டத்தில் 6 மாதம் முதல் 6 வயது வரை, நாளுக்கு ஏழரை மணி நேரம், மாதம் 26 நாள் காப்பகம் நடத்தலாம் என்று இருக்கிறது. கல்லூரியை ஒட்டிய பால்வாடி ஒன்றை இந்தத் திட்டத்தில் சேர்க்கும்படி மாணவிகள் பத்துப் பேர் கையெழுத்திட்டு, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்கலாம். கடலோர வட்டாரத்தில் கேட்க வேண்டிய முதல் விஷயம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வோம்.

அதுவரை வீட்டு ஆள்தான். அரசுக் கல்லூரியில் இரண்டு ஷிஃப்ட் இருந்தால் சேரும்போதே வீட்டு நிலவரத்தைப் பார்த்து ஷிஃப்டைக் கேளுங்கள். அம்மாவோ மாமியாரோ காலையில் மீன் ஏலத்துக்கோ பாசி எடுக்கவோ போகிறவர் என்றால் மதிய ஷிஃப்ட்தான் ஒத்துவரும். சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குச் செவ்வாய், பிள்ளைகளுக்கு ஊசி புதன். ராமேஸ்வரத்தில் விசைப்படகு வழக்கமாகத் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போவதால் ஊசி நாளில் அப்பா இருக்கமாட்டார். 6, 10, 14-ஆம் வாரப் புதன்களை வகுப்பாசிரியரிடம் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டால் அன்று இன்டர்னல் வைக்காமல் பார்த்துக்கொள்வார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கையில் காசு இருக்காது, ஆனால் விசைப்படகுக்குப் போகிற அப்பா கரையில் இருப்பார். கோடை செமஸ்டர் பரீட்சையும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வரும். ஹால் வாசலில் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்பதை அவருடைய வேலையாகவே பேசி முடித்துவிடுங்கள். நவம்பர் பரீட்சைக்கு அந்த வசதி இல்லை, புயல் மழையும் சேர்ந்துகொள்ளும். தீவிலிருந்து வருகிறவர்கள் பரீட்சை வாரத்துக்கு மட்டும் ராமநாதபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்வது உத்தமம்.

கறந்து வைத்த தாய்ப்பால் 25 டிகிரியில் 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலில் அந்தக் கணக்கை நம்பக் கூடாது. ஃபிரிட்ஜில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்து, கிண்ணத்தை வெந்நீரில் நிற்கவைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கல்லூரியில் பால் கட்டிக்கொண்டால் கறந்துவிட ஓர் அறை வேண்டும். மகளிர் ஓய்வறையைத் தாழ்ப்பாளோடு கேட்டு வாங்குங்கள். பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்ஸில் மட்டும்தான், மொபசல் பஸ்ஸுக்கு மாணவர் பாஸை வருசா வருசம் புதுப்பிக்க வேண்டும்.

படிக்கிற அப்பாக்களுக்கு விடுப்பு என்று எதுவும் இல்லை. தமிழ்ப் புதல்வன் தொகை ஆயிரம் தொடர்ந்து வரும், அவ்வளவே.

கல்லூரி மறுத்தால் வாய்ச்சண்டை வேண்டாம். "முடியாது" என்பதை எழுத்தில் கேளுங்கள். பல நேரம் அந்த இடத்திலேயே விஷயம் இளகிவிடும். இளகாவிட்டால் 2023-இன் மாணவர் குறைதீர்ப்பு விதி இருக்கிறது. கல்லூரியின் குறைதீர்ப்புக் குழுவுக்குப் புகார் கொடுத்தால் 15 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைகேட்பு அதிகாரியான ஆம்பட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு செய்யலாம், அவருக்கு 30 நாள் கெடு. இதைக் கூட்டினால் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது, ஹால் டிக்கெட்டோ அதற்கு முன்பே வந்துவிடும். அதனால்தான் ஐந்தாவது மாதத்துக் கடிதம் என்று இவ்வளவு வற்புறுத்துகிறோம். புதுமைப் பெண் தொகை நின்றால் 14417, மற்ற அரசு அலுவலகக் குறைகளுக்கு 1100, பிக்மிக்கு 102, வீட்டிலேயே படிப்பை நிறுத்தச் சொல்லிக் கொடுமை நடந்தால் 181. ஒவ்வொரு முறை பேசும்போதும் புகார் எண்ணை அந்தச் சீல் போட்ட நகலின் பின்பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.